நரம்பும் சினைப்பையும்: கர்ப்ப காலத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"வீட்டில் சண்டை, மனசு நொந்து அழுதாள், நரம்பு தளர்ந்து ஹார்மோன் இறங்கிவிட்டது, அதான் கரு தங்கவில்லை." மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணங்களில், கரு கலைந்த பெண்ணின் காதுபடவே சொல்லப்படும் பேச்சு இது. இதைவிடக் கொடிய தவறு வேறில்லை. எந்தக் கட்டத்தில் மூளைக்கு அதிகாரம், எந்தக் கட்டத்தில் இல்லை என்று பிரித்துப் பார்க்காததால் வரும் தவறு.

கருத்தரிக்கும் முன்பு சினைப்பை மூளையின் உத்தரவுக்குக் காத்திருக்கிறது. மூளையின் அடிப்பகுதியான ஹைப்போதலாமஸ் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை விட்டுவிட்டுச் சைகை அனுப்பும், அதன் கீழுள்ள பிட்யூட்டரி சுரப்பி எல்.எச். என்ற ஹார்மோனைச் சுரக்கும், முட்டை வெளிவரும். கடும் கவலை, பட்டினி, சட்டென்ற எடை இழப்பு எல்லாம் இந்தத் தாளத்தைக் குலைக்கும். மாதவிலக்கு தள்ளிப்போவது அதனால்தான்.

கரு ஒட்டியதும் நிலைமை மாறுகிறது. முட்டை வெளியேறிய இடத்தில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் அளவில் உருவாகும் கார்பஸ் லூட்டியம் என்ற திசுதான், கருவைத் தாங்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோனைச் சுரக்கிறது. அதற்கு இப்போது உத்தரவிடுவது கருவே சுரக்கும் எச்.சி.ஜி. ஹார்மோன்; தாயின் எல்.எச். அநேகமாக அடங்கிவிடும். கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணி 7 முதல் 9 வாரத்துக்குள் நஞ்சுக்கொடி அந்த வேலையை ஏற்றுக்கொள்கிறது. 1970களில் அர்பாட் சாப்போ என்ற ஆய்வாளர் இதைக் காட்டினார்: 7 வாரத்துக்கு முன் கார்பஸ் லூட்டியத்தை அகற்றினால் கரு கலைந்தது, 9 வாரத்துக்குப் பின் அகற்றியபோது நிலைத்தது.

சினைப்பைக்கு நரம்பே இல்லையா என்றால், உண்டு. ரத்தக் குழாயோடு சேர்ந்து, நம் விருப்பமின்றித் தானாக இயங்கும் சிம்பதெடிக் நரம்புகள் ஓடுகின்றன. எலியில் அந்த நரம்பைத் தூண்டினால் புரோஜெஸ்டிரோன் அளவு மாறுகிறது. அதைப் படித்துவிட்டுப் பெண்ணுக்கும் அப்படியே என்று எழுதுவது அடுத்த தவறு. எலி தன் 22 நாள் கர்ப்பம் முழுக்கக் கார்பஸ் லூட்டியத்தையே நம்பியிருக்கிறது. வீட்டில் வளர்க்கும் வெள்ளாடும் குட்டி போடும் வரை அப்படித்தான். மனிதப் பெண் அப்படியல்ல. உறைய வைத்த சினைப்பைத் திசுவை, நரம்பெல்லாம் அறுபட்ட நிலையில், மீண்டும் பொருத்திய பெண்ணுக்கு 2004இல் பெல்ஜியத்தில் குழந்தை பிறந்தது. ஆரம்பக் கருச்சிதைவுகளில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் கருவின் குரோமோசோம் கோளாறு. ஒரு சண்டையோ ஓர் இரவு அழுகையோ கருவைக் கலைப்பதில்லை.

ரத்தப் பரிசோதனைத் தாளை வைத்துப் பயப்படுவதும் அதிகம். ஒரு கிளினிக்கில் புரோஜெஸ்டிரோன் 60, அடுத்த வாரம் வேறு கிளினிக்கில் 19. மூன்றில் ஒரு பங்காகிவிட்டதே என்று குடும்பமே கலங்கும். எண்ணுக்குப் பக்கத்தில் உள்ள அலகைப் பாருங்கள்: முதல் தாளில் நானோமோல், இரண்டாவதில் நானோகிராம். நானோகிராம் எண்ணை 3.18ஆல் பெருக்கினால் 60 வரும். அளவு மாறவே இல்லை. உண்மையிலேயே குறைந்திருந்தாலும், பல சமயம் கரு முன்பே தளர்ந்து எச்.சி.ஜி. குறைந்ததன் விளைவு அது, காரணம் அல்ல. 7 வாரத்தையொட்டிய ஸ்கேனில் இதயத் துடிப்பு தெரிகிறதா என்பதே அதிகம் சொல்லும்.

பயத்தில் பார்மசியில் டூபாஸ்டன் (புரோஜெஸ்டிரோன் போல வேலை செய்யும் செயற்கை மாத்திரை) வாங்கித் தானே போட்டுக்கொள்ள வேண்டாம். அது ரத்தப் பரிசோதனையில் புரோஜெஸ்டிரோனாகத் தெரியாது. எண் ஏறவில்லையே என்று இன்னொரு மாத்திரை போடுவார்கள். ரத்தப்போக்கு கண்ட 4,153 பெண்களிடம் தினம் இருவேளை 400 மில்லிகிராம் புரோஜெஸ்டிரோனை யோனிவழி கொடுத்துப் பார்த்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. முன்பே கரு கலைந்தவர்களுக்கே பலன் தெரிந்தது. ஆகவே கிளினிக் தாதியான மிஸியிடம் முந்தைய கருச்சிதைவுகளை மறைக்காமல் சொல்லி, இளஞ்சிவப்புக் கர்ப்பப் பதிவுப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.

வலிப்பு அல்லது மனநோய் மாத்திரையை, "நரம்பு மருந்து ஹார்மோனைக் கெடுக்கும்" என்று பிள்ளைத்தாய்ச்சி தானாக நிறுத்துவது பெரிய ஆபத்து. சில மனநோய் மருந்துகள் பால் சுரக்கச் செய்யும் ஹார்மோனான புரோலாக்டினை ஏற்றி முட்டை வெளிவருவதைத் தடுக்கும் என்பது மெய். அது கருத்தரிக்கும் முன்புள்ள பிரச்சினை. வலிப்பு மாத்திரையைத் திடீரென விட்டால் வலிப்பு திரும்பும். வால்புரோயேட் போன்ற சில வலிப்பு மருந்துகள் கருவையே பாதிக்கக்கூடியவை. ஆகவே கருத்தரிக்கும் முன்பே டாக்டரிடம் பேசி மாற்ற வேண்டும். ஏற்கெனவே கருவுற்றிருந்தால் மாத்திரையை விடாமல் உடனே போய்ப் பாருங்கள்.

கடைசியாக, வயிற்றை நீவுவது. நம் பேச்சில் நாளம், தசைநார், நரம்பு எல்லாமே "நரம்பு"தான். அதனால் அடிவயிறு வலித்தால் "நரம்பு பிசகிவிட்டது" என்று உருட் செய்து நீவிவிட ஆள் தேடுகிறார்கள். முதல் மூன்று மாதத்தில் கார்பஸ் லூட்டியம் நீர்க்கட்டியாகப் பெருத்திருக்கலாம். அழுத்தினால் உடையும் அபாயம் உண்டு. சினைப்பை முறுக்கிக்கொண்டால் ஒரு பக்கம் மட்டும் திடீர் வலி, கூடவே வாந்தி. தோள்பட்டை வலியோ மயக்கமோ சேர்ந்தால் கரு கருப்பைக்கு வராமல் கருக்குழாயிலேயே தங்கி, குழாய் வெடித்திருக்கலாம். எதுவானாலும் 999ஐ அழையுங்கள், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அறுவைச் சிகிச்சை என்றால் எத்தனை வாரம் என்று முதலிலேயே சொல்லுங்கள். 10 வாரத்துக்கு முன் கார்பஸ் லூட்டியத்தை எடுக்க நேர்ந்தால், நஞ்சுக்கொடி பொறுப்பேற்கும் வரை புரோஜெஸ்டிரோனை மருந்தாகக் கொடுக்க வேண்டியிருக்கும்.