தண்டை உருட்டிப் பாருங்கள்: தும்பையை அடையாளம் காண ஒரு வழி

பதுளைப் பக்கம் மழை விட்டதும் லயத்துக்குப் பின்னால் உள்ள புல்தரையில் குட்டிக் குட்டி வெள்ளைப் பூக்கள் எட்டிப் பார்க்கும். கேட்டால் எல்லாமே தும்பைதான் என்பார்கள். நானும் நம்பி, சாமிக்கு வைக்க ஒரு கை நிறையப் பறித்துக்கொண்டு போனேன். "இது நத்தைச்சூரிடா" என்று அப்பாயி சிரித்தார்.

சரி, முதலில் பூவை மறந்துவிட்டுத் தண்டைப் பிடியுங்கள். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே வைத்து உருட்டினால், தடுக்கித் தடுக்கித் திரும்ப வேண்டும். நான்கு பட்டை. இலைகள் கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே இருக்கும். வழுக்கிக்கொண்டு உருண்டால் தும்பை இல்லை, அடுத்த செடிக்குப் போகலாம்.

அடுத்தது பூ. நான் ஏமாந்தது இங்கேதான். நத்தைச்சூரிக்கும் தண்டு பட்டைதான்; அதுவும் கணுவைச் சுற்றித்தான் பூக்கும். ஒரு பூவை மெல்ல உருவி உள்ளங்கையில் வையுங்கள். நத்தைச்சூரி என்றால் நான்கு இதழும் ஒரே அளவாய் விரிந்திருக்கும். தும்பைக்கோ உதடு உண்டு. மேலுதடு சின்னது, குல்லா மாதிரி வளைந்து வெள்ளை மயிரோடு இருக்கும். கீழுதடு அகலமாய் முன்னால் தொங்கும். இன்னும் சந்தேகமா? எதிரெதிர் இலைகள் சேரும் கணுவில் உற்றுப் பாருங்கள். மெல்லிய முள்மயிர் வரிசையாய் நின்றால் நத்தைச்சூரி.

அப்புறம் பெயர். 'தும்பைப்பூப் போல வெளுத்த வேட்டி' என்கிறோமே, செடியியல்காரரும் அதே வெள்ளையைத்தான் பிடித்துக்கொண்டார்கள். 1810இல் ராபர்ட் பிரவுன் வைத்த லியூக்காஸ் என்ற பேரினப் பெயர், வெள்ளை என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நம் நாட்டுத் தும்பை ஒன்றுக்கு லினேயஸ் 1753இலேயே 'செய்லானிகா', அதாவது சிலோன்காரி, என்று பெயரிட்டிருந்தார். தமிழில் அது முடிதும்பை. கணுதோறும் பூக்கள் முடிச்சுப் போட்டதுபோல் உருண்டு நிற்பதைப் பார்த்தால், எனக்கு அந்த 'முடி' முடிச்சாகத்தான் படுகிறது.

கடைசியாகப் படம். தண்டு, இலைச் சோடி, பக்கவாட்டில் ஒரு பூ, முழுச்செடி என்று நான்கு எடுங்கள். மேலிருந்து எடுத்த ஒற்றைப் படத்தில் வெள்ளைப் புள்ளிதான் தெரியும். பார்த்த அன்றே எடுத்துவிடுங்கள். மறுநாள் புல்லு வெட்ட ஆள் வந்துவிட்டால் செடி இருக்காது.