சர்வீஸ் முடிந்ததும் ஹைப்ரிட் விளக்கு எரிகிறதா? கேரேஜில் நடக்கும் தவறுகள்

"வண்டி நல்லாத்தான் வந்துச்சு அண்ணே, ஏசி கேஸ் மட்டும்தான் போட்டோம்." பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட் வண்டி வேலைக்குப் புதிதாக வரும் பையன்கள் இதைச் சொல்லிக்கொண்டு வருவது நின்றபாடில்லை. இந்த வண்டிகள் வந்த புதிதில் எங்கள் செட் மெக்கானிக்குகள் செய்த அதே தவறுகளைத்தான் இவர்களும் செய்கிறார்கள். ஆயில் மூடியை மறப்பது, நட்டைச் சரியாக முறுக்காமல் விடுவது எல்லாம் எந்த வண்டிக்கும் உள்ளவை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஏசியில் தப்பான ஆயில்

இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

சாதாரண காரில் ஏசி கம்ப்ரசரை பெல்ட் சுற்றுகிறது. அதற்குள் இருக்கும் ஆயிலுக்குத் தேய்மானம் வராமல் பார்ப்பதுதான் வேலை. பெரும்பாலும் பிஏஜி (PAG) என்ற செயற்கை வகை ஆயில் போடுவார்கள். இரண்டாம் தலைமுறை டொயோட்டா பிரியஸிலிருந்து கதை வேறு. கம்ப்ரசருக்குள்ளேயே மோட்டார் இருக்கிறது. அது பின்னால் உள்ள 201.6 வோல்ட் பேட்டரியில் ஓடுகிறது. மோட்டாரின் சுருள்கள் கேஸிலும் ஆயிலிலும் நனைந்தபடியே இருக்கும். எனவே மின்சாரம் கசியாமல் காப்பதும் அந்த ஆயிலின் பொறுப்புதான். அதற்காகத்தான் என்டி-11 என்ற எஸ்டர் வகை ஆயிலைக் கேட்கிறார்கள். பிஏஜி ஈரத்தை இழுக்கும், மின்சாரத்தையும் கடத்தும். கொஞ்சம் கலந்தாலே சுருளிலிருந்து பாடிக்கு மின்சாரம் கசியத் தொடங்கும். உயர் வோல்டேஜுக்கும் பாடிக்கும் இடையே உள்ள காப்பை வண்டியின் கம்ப்யூட்டர் சதா கண்காணிக்கிறது. அது குறைந்ததும் பி0ஏஏ6 (P0AA6) என்ற கோளாறு எண், அதாவது கோடு (code), விழும்; டேஷ்போர்டில் சிவப்பு முக்கோண எச்சரிக்கை விளக்கு எரியும்.

யாரும் வேண்டுமென்றே பிஏஜி ஊற்றுவதில்லை. முந்தைய வண்டிக்குப் போட்ட ஆயில் கேஸ் மெஷினின் ஹோஸில் தங்கியிருக்கும். லீக் பார்க்கும் சாயம் பிஏஜியில் கரைத்ததாக இருக்கும். கேஸோடு ஆயிலும் சேர்த்து அடைத்த சின்ன கேன் இருக்கிறதே, அது இன்னும் மோசம். விளக்கும் உடனே எரியாமல் போகலாம். வண்டி கேரேஜைத் தாண்டிப் போனபின், ஏசி போட்டு ஓட்டும்போது எரியும். அதனால் செய்தவருக்கே தான் செய்தது தெரியாது.

அடுத்து நடப்பதுதான் கொடுமை. கோடு படிக்கும் கருவியான ஸ்கேனர், சாதாரணமானதாக இருந்தால், பி0ஏஏ6 என்று மட்டும் காட்டும். உடனே "பேட்டரி போச்சு" என்று தீர்ப்பு. டொயோட்டாவில் அந்தக் கோடுக்குள் இன்னொரு எண் இருக்கிறது: 611 என்றால் கோளாறு ஏசி பக்கம், 612 என்றால்தான் பேட்டரி பக்கம். அதைப் படிக்கும் ஸ்கேனர் இல்லாமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஒரு வண்டி என்னிடம் வந்தபோது பெரிய பேட்டரியை ஏற்கெனவே மாற்றியிருந்தார்கள்; விளக்கு அப்படியே எரிந்துகொண்டிருந்தது. ஏசி கேஸ் ஏற்றும் சர்வீஸ் போர்ட்டின் மூடியைத் திறந்து புற ஊதா விளக்கைக் காட்டினேன். விளிம்பெல்லாம் லீக் சாயம் பச்சையாக மின்னியது. கம்ப்ரசர் கேபிளைக் கழற்றி, மின்காப்பை அளக்கும் மெக்கர் வைத்தால் காப்பு படுத்துக் கிடந்தது. கம்ப்ரசர், கண்டென்சர், எவாப்பரேட்டர், குழாய்கள் எல்லாம் மாற வேண்டியதாயிற்று. அந்த மனிதர் முதலில் கேட்டது கொஞ்சம் குளிர்ந்த காற்று.

எந்த ஆயில் என்று கம்ப்ரசர் மேலேயே ஒட்டியிருக்கிறது. ஹைப்ரிட்டுக்கு என்று தனி மெஷின் இல்லையென்றால், ஹோஸில் தங்கிய ஆயிலை முழுக்கக் கழுவித் தள்ளும் மெஷினாவது வேண்டும். அதுவும் இல்லையா, வேலையை வாங்காமல் திருப்பி அனுப்பிவிடுங்கள். வண்டி உரிமையாளர்களும் கேஸ் ஏற்றுவதற்கு முன் "மெஷினில் என்ன ஆயில்?" என்று கேளுங்கள்.

12 வோல்ட் பேட்டரி

இந்தச் சின்ன பேட்டரிதான் கம்ப்யூட்டர்களை எழுப்பி, பெரிய பேட்டரியின் ரிலேயை மூட வைக்கிறது. இது சோர்ந்திருந்தால் ஏபிஎஸ், ஸ்டீயரிங், ஹைப்ரிட் என்று விளக்குகள் கூட்டமாக எரியும். கதவைத் திறந்து போட்டுவிட்டு நாளெல்லாம் வேலை பார்த்தாலே சோர்ந்துவிடும். முதலில் வோல்டேஜ் பாருங்கள், பிறகு மற்றதெல்லாம். ஜம்ப் கொடுக்கும்போது பிளஸ்-மைனஸ் மாறினால் 12 வோல்ட்டுக்கு மாற்றித் தரும் கன்வெர்ட்டரே போய்விடும்.

ஆரஞ்சு பிளக்

வேலை செய்யும்போது பெரிய பேட்டரியின் மின்சாரத்தைத் துண்டிக்கக் கழற்றுவதுதான் இந்த ஆரஞ்சு சர்வீஸ் பிளக். இரண்டாம் தலைமுறை பிரியஸில் அதைத் திரும்பச் செருகிக் கைப்பிடியை நிமிர்த்தினால் வேலை முடியவில்லை. கைப்பிடியைக் கீழே அழுத்தி லாக் செய்தால்தான், பிளக் சரியாக மாட்டியதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் இன்டர்லாக் சேரும். அந்தக் கடைசி அழுத்தத்தை விட்டுவிட்டு, வண்டி கிளம்பத் தயார் என்று காட்டும் ரெடி (READY) விளக்கு வரவில்லை என்று ரிலேயைக் கழற்றியவர்கள் உண்டு.

பிரேக் பேட்

காலிப்பர் கழன்றிருக்கும்போது டிரைவர் கதவைத் திறக்காதீர்கள், பெடலைத் தொடாதீர்கள். பிரேக் பம்ப் தானாக ஓடத் தொடங்கி அழுத்தம் கொடுத்துவிடும்.

ஆயில் சேஞ்ச்

அடியில், எஞ்சினை ஒட்டிய கியர்ப்பெட்டியான டிரான்ஸ்ஆக்சிலுக்கும் ஒரு டிரெயின் பிளக் உண்டு. அதைக் கழற்றிவிட்டு, எஞ்சினில் இருக்கும் பழைய ஆயிலின் மேலேயே புதியதை ஊற்றுகிறார்கள். ஒன்று காய்கிறது, இன்னொன்று நிரம்பி வழிகிறது. கறுப்பாக வராமல் சிவப்புச் சாயலில் தெளிவாக வந்தால், அந்த நொடியே பிளக்கை மூடுங்கள்.

கோடு அழிப்பது

எழுதி வைக்காமல் அழிக்காதீர்கள்.

இன்வெர்ட்டர் கூலன்ட்

எஞ்சினுக்கு ஒன்று, இன்வெர்ட்டருக்குத் தனியாக ஒன்று என இரண்டு சுற்று. கூலன்ட் மாற்றியபின் இன்வெர்ட்டர் சுற்றில் காற்று நின்றால் பி0ஏ93 விழும். டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள்: வண்டி ரெடியில் இருக்கும்போது உள்ளே கூலன்ட் கலங்கிச் சுழல வேண்டும். அசையாமல் கிடந்தால் காற்று நிற்கிறது, இல்லையேல் பம்ப்பின் கனெக்டரை மாட்ட மறந்திருக்கிறீர்கள்.