மொட்டைமாடிக் கூண்டில் ஜீப்ரா ஃபிஞ்ச் குஞ்சு பொரிக்க: 14 முட்டை வீணான பிறகு நான் கற்றது

மதுரையில் எங்கள் வீட்டு மொட்டைமாடிக் கூண்டிலிருந்து ஒரு மண்கலயத்தை இறக்கிப் பார்த்தேன். உள்ளே 14 முட்டைகள். அடியில் நான்கு, அதன்மேல் ஒரு விரல் கனத்துக்கு நார், நார்மேல் ஐந்து, மறுபடி நார், எல்லாவற்றுக்கும் மேலே இன்னும் ஐந்து. ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. பறவை விற்ற கடைக்காரரிடம் சொன்னேன். "ஜோடி சரியில்லை சார்" என்று இன்னொரு ஜோடியை என் தலையில் கட்டி அனுப்பினார். அதுவும் அதையேதான் செய்தது. ஜோடியில் குறை இல்லை, என்னிடம்தான் இருந்தது. பொறுமை இல்லாதவர்கள் நேராக நான்காம் படிக்குப் போய்விடலாம்.

படி 1: எந்தப் பறவை?

ஜீப்ரா ஃபிஞ்ச், விதை தின்னும் சின்னக் குருவி. முதல் வருடத்துக்கு வேறு யோசனையே வேண்டாம். ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டில் வாழும் பறவை என்பதால் நம் வெயிலை ஓரளவு தாங்கும். பச்சை முதுகு, ஊதா நெஞ்சு, மஞ்சள் வயிறு என்று கூல்டியன் ஃபிஞ்ச் கண்ணைப் பறிக்கும்தான். ஆனால் அது மரப்பொந்தில் கூடு வைக்கும் கூச்சமான பறவை. கலயத்தை நாம் இரண்டு முறை எட்டிப் பார்த்தாலே சில ஜோடிகள் முட்டையை விட்டுவிடும். அதை அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

புள்ளிச்சில்லை, சிவப்புச்சில்லை போன்ற நம் ஊர் முனியாக்களை விலைக்குக் கொடுத்தால் வாங்காதீர்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றைப் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் குற்றம். சாயம் பூசி "வெளிநாட்டுக் குருவி" என்று விற்பவர்களும் உண்டு. நாலு முறை குளித்தால் சாயம் போய்விடும்.

படி 2: கூண்டு

6 அடி நீளம், 3 அடி அகலம், 6 அடி உயரம் இருந்தால் நான்கு ஜோடிகளுக்குப் போதும். உயரத்தைவிட நீளம் முக்கியம். ஃபிஞ்ச் பக்கவாட்டில் பறக்கும் பறவை. கூரையில் பாதியைத் தகரத்தால் மூடி, அதன்மேல் தென்னங்கீற்று போடுங்கள். வெறும் தகரம் சித்திரையில் தோசைக்கல்.

வலை விஷயத்தில் எனக்குப் பிடிவாதமான கருத்து உண்டு. எல்லாரும் அரை அங்குலக் கண் வலையைச் சொல்வார்கள். சுண்டெலி அதில் தாராளமாக நுழையும், மெல்லிய பாம்பும் நுழையும். செலவு கூடினாலும் கால் அங்குல வெல்ட் மெஷ் வாங்குங்கள். புது வலையில் துத்தநாகப் பூச்சு பொடியாக ஒட்டியிருக்கும், பறவை கொத்தினால் விஷம். வினிகரில் நனைத்த பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, ஒரு வாரம் வெயிலில் போட்டுவைத்த பிறகு அடியுங்கள். கதவு இரண்டு வேண்டும்: வெளிக்கதவைச் சாத்திய பிறகு உள்கதவைத் திறக்கும்படி நடுவில் ஓர் ஆள் நிற்க இடம். இதை வீண் செலவு என்று நினைத்தேன். பறந்துபோன என்னுடைய முதல் சேவல் (ஆண் பறவை) இப்போது எந்த ஊரில் இருக்கிறதோ.

படி 3: ஜோடியும் தீனியும்

சேவலுக்குக் கன்னத்தில் ஆரஞ்சுத் திட்டு, தொண்டையில் வரி, விலாவில் வெள்ளைப் புள்ளி வைத்த செம்பழுப்பு. பெட்டைக்கு இவை எதுவும் இருக்காது. வெள்ளை ஜீப்ராவில் அலகைப் பாருங்கள்: சேவலுக்கு ரத்தச் சிவப்பு, பெட்டைக்கு ஆரஞ்சு. பாடுவது சேவல் மட்டும்தான்.

தீனிக்குத் தினைதான் அடிப்படை. மளிகைக் கடையில் கிடைக்கும் தினை அரிசி வேண்டாம், உமியோடு இருக்கும் முழுத் தினை வேண்டும். பறவை அலகால் உமியை உரித்துத் தின்னும். அதனால் கிண்ணத்தின் மேலே உமி மட்டும் சேர்ந்து, நிறைய இருப்பதுபோல் தெரியும். தினமும் ஊதிவிட்டுப் பாருங்கள். நிறைந்த கிண்ணத்தின் முன்னால் பட்டினி கிடந்த பறவைகளைப் பற்றி எனக்கு இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள்.

சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடு கட்டாயம். செல்லப்பிராணிக் கடையில் அதை அட்டையில் கட்டி மூன்று மடங்கு விலைக்கு விற்கிறார்கள். நாட்டுமருந்துக் கடையில் "கடல்நுரை" என்று கேளுங்கள், அதேதான். இது இல்லாவிட்டால் முட்டை ஓடு மெலிந்து பெட்டைக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். அப்படி ஆன பெட்டை தரையில் ஒரு மூலையில் சிலிர்த்து உட்கார்ந்திருக்கும். உடனே எடுத்துச் சிறு பெட்டியில் பல்பு வெளிச்சத்தின் கதகதப்பில் வைத்து, பறவை பார்க்கும் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். காலைவரை பொறுத்தால் பெரும்பாலும் பிழைக்காது.

குஞ்சு இருக்கும் நாட்களில் முளைகட்டிய தினையும் அவித்த முட்டையும் சேர்த்துக் கொடுங்கள். முட்டையை இரண்டு மணி நேரத்துக்குமேல் கூண்டில் விடாதீர்கள், நம் வெயிலில் கெட்டுவிடும்.

படி 4: கலயமும் நாரும்

மரப்பெட்டி, மூங்கில் கூடை, பிளாஸ்டிக் கூடு எல்லாம் போட்டுப் பார்த்தேன். மண்கலயத்துக்கு ஈடு இல்லை. உள்ளே சூடு ஏறாது, கழுவிக் காயவைக்கலாம், உடைந்தால் வேறு வாங்கலாம். ஜோடிக்கு இரண்டு என்ற கணக்கில், எல்லாவற்றையும் ஒரே உயரத்தில் கட்டுங்கள். ஒன்று மட்டும் உயரத்தில் இருந்தால் அதற்காக எல்லா ஜோடியும் சண்டை போடும்.

இப்போது நார். நான் முதல் வருடம் முழுத் தேங்காய் மட்டை ஒன்றைக் கூண்டில் கட்டித் தொங்கவிட்டேன். வேண்டியபோது பிய்த்துக்கொள்ளட்டுமே என்ற தாராளம். அந்தத் தாராளம்தான் 14 முட்டைகளையும் கொன்றது.

ஜீப்ரா சேவலுக்குக் கூடு கட்டுவதில் ஒரு வெறி உண்டு. நார் கண்ணில் படும்வரை கட்டிக்கொண்டே இருக்கும். பெட்டை நான்கு முட்டை இட்டு அடையில் உட்கார்ந்திருக்கும்போதும் நாரைக் கவ்விக்கொண்டு உள்ளே போகும். போன நாரை எங்கேயாவது வைக்க வேண்டுமே? முட்டைமேல் வைக்கும். மூன்று நாளில் முட்டைகள் நாருக்கு அடியில் புதைந்துவிடும். முட்டை உடம்பில் படாத பெட்டை, இன்னும் இடவில்லை போலும் என்று மறுபடி இடத் தொடங்கும். அடுக்கு அடுக்காக முட்டை வந்த கதை இதுதான்.

ஆகவே நாரை அளந்து கொடுங்கள். தேங்காய் நாரையும் காய்ந்த புல்லையும் ஒரு விரல் நீளத்துக்கு நறுக்கி, நாளுக்கு ஒரு கைப்பிடி என்று நான்கைந்து நாள் போடுங்கள். நீளமான நார் காலில் சுற்றி விரலையே அறுத்துவிடும், பஞ்சும் நூலும் அதைவிட மோசம். முதல் முட்டையைப் பார்த்த அன்றே கூண்டில் கிடக்கும் ஒவ்வொரு நாரையும் பெருக்கி எடுத்துவிடுங்கள்.

பெருக்கிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தால் அதுவும் தப்பு. இரண்டாம் முறை நான் நாரைச் சுத்தமாக எடுத்த பிறகும் முட்டைமேல் புது அடுக்கு வந்தது. எங்கிருந்து என்று அரை நாள் ஒளிந்திருந்து பார்த்தேன். சாரலுக்கு மறைப்பாக நான் கட்டியிருந்த சாக்கை இழை இழையாக உருவிக்கொண்டிருந்தான் சேவல்! சாக்கை எடுத்துவிட்டுத் தார்ப்பாய் கட்டினேன். தென்னந்துடைப்பம், கால்மிதி, உதிர்ந்த இறகு, தட்டில் விரித்த செய்தித்தாள் எல்லாம் அவனுக்கு நார்தான். அதற்கு அடுத்த ஈட்டில், அதாவது அடுத்த முறை இட்ட முட்டைகளில், ஐந்துக்கு நான்கு குஞ்சு பொரித்தது.

படி 5: முட்டை முதல் குஞ்சு வரை

காலைக்கு ஒன்றாக நான்கு முதல் ஆறு முட்டை வரும். பகலில் சேவலும் பெட்டையும் மாற்றி மாற்றி அடைகாக்கும், இரவில் இரண்டும் கலயத்துக்குள் போய்விடும். 12 முதல் 14 நாளில் பொரிக்கும். அடைகாக்கத் தொடங்கி ஆறாம் நாள், இரண்டும் வெளியே இருக்கும் நேரம் பார்த்து, செல்போன் டார்ச்சை முட்டையின் பின்னால் பிடியுங்கள். சிவப்பு நரம்பு தெரிந்தால் உயிர் இருக்கிறது. கை பட்டால் கூட்டைக் கைவிட்டுவிடும் என்று பயமுறுத்துவார்கள். பழகிய ஜீப்ரா அதை லட்சியம் செய்யாது.

ஒரு வேடிக்கையான செய்தி. வெயில் கடுமையாக இருந்தால், பொரிக்கப்போகும் கடைசி நாட்களில் ஜீப்ரா பெற்றோர் முட்டையைப் பார்த்து ஒரு தனிக்குரல் கொடுக்கும். அதைக் கேட்ட குஞ்சுகள் சூட்டில் சற்றுச் சிறிய உடம்போடு வளரும் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2016இல் கண்டறிந்தார்கள். அதற்காக மதுரைக் கத்திரி வெயிலில் முயற்சி செய்து பார்க்க வேண்டாம். நான் ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து மார்கழியில் கலயம் கட்டி, பங்குனி முடிவதற்குள் இறக்கிவிடுவேன்.

குஞ்சுகள் 18 முதல் 21 நாளில் கலயத்தைவிட்டு வெளியே வரும். முதல் இரண்டு இரவுகள் திரும்ப ஏறத் தெரியாமல் தரையில் கிடக்கும். பொழுது சாயும்போது ஒரு முறை பார்த்து, எடுத்து உள்ளே விடுங்கள்.

இடையில் சேர்த்தது: எறும்பு

இந்தக் குறிப்பைப் படித்துவிட்டுத் திண்டுக்கல் வாசகர் ஒருவர், பொரித்த அன்றே குஞ்சுகளை எறும்பு மொய்த்துவிட்டதாக எழுதினார். என் கூண்டின் கால்கள் தண்ணீர்க் கிண்ணத்தில் நிற்பதால் எனக்கு அது தோன்றவே இல்லை. அவருடைய கூண்டுக்கும் கிண்ணம் இருந்ததாம். ஆனால் பக்கத்துத் துணிக்கொடியின் முனை வலையில் கட்டியிருந்தது. கூண்டைத் தொடும் கயிறு, கிளை, ஒயர் எல்லாவற்றையும் நீக்குங்கள். கலயம் தொங்கும் கம்பியில் கிரீஸ் தடவுங்கள், ஆனால் பறவை உரசும் இடத்தில் வேண்டாம். எறும்புப் பொடி, சாக்பீஸ் எதுவும் கூண்டுப் பக்கமே வரக்கூடாது.

படி 6: பிரிப்பது, நிறுத்துவது

இளங்குஞ்சின் அலகு கறுப்பாக இருக்கும். அது ஆரஞ்சாக மாறத் தொடங்கி, தானாகத் தினை உரிக்க ஆரம்பித்ததும், ஏறக்குறைய 40 நாளில் வேறு கூண்டுக்கு மாற்றுங்கள். சேவல் தனி, பெட்டை தனி. மூன்று மாதத்தில் இவை முட்டைக்குத் தயாராகிவிடும். அண்ணன் தங்கை என்று அவற்றுக்குத் தெரியாது.

பருவத்துக்கு இரண்டு ஈடு, மிஞ்சினால் மூன்று. விட்டால் ஜீப்ரா நிறுத்தவே நிறுத்தாது, பெட்டை எலும்பும் தோலுமாகிவிடும். கலயங்களை இறக்கிக் கழுவிக் கவிழ்த்துவிடுங்கள். இறக்கிய மறுநாளே என்னுடைய சேவல் தீனிக் கிண்ணத்துக்குள் கூடு கட்ட ஆரம்பித்துவிட்டான், பெட்டை தினைமேல் ஒரு முட்டையும் இட்டாள். இப்போது கிண்ணத்துக்குப் பதில் விளிம்பில்லாத தட்டில்தான் தீனி வைக்கிறேன்.