மிட்வே கப்பலில் விமானம் பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

அமெரிக்காவின் சான் டியேகோ துறைமுகத்தில் அருங்காட்சியகமாக நிற்கும் விமானந்தாங்கிக் கப்பல் யு.எஸ்.எஸ். மிட்வே, இரண்டாம் உலகப் போரின் மிட்வே சண்டையில் கலந்துகொள்ளவே இல்லை. 1942 ஜூனில் பசிபிக் கடலில் அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் அந்தச் சண்டை நடந்தபோது இந்தக் கப்பலைக் கட்டவே தொடங்கவில்லை. சண்டையின் பெயரைச் சூட்டி 1945 செப்டம்பர் 10 அன்று பணியில் சேர்த்தார்கள். ஜப்பான் சரணாகதிப் பத்திரத்தில் கையெழுத்திட்டு எட்டு நாள் ஆகியிருந்தது. ஆனாலும் விமானங்களை நிறுத்திவைக்கும் உள்தளமான ஹேங்கர் தளத்தில் நிற்கும் டான்ட்லஸ் குண்டுவீச்சு விமானத்தைக் காட்டி, "இங்கிருந்துதான் இது பறந்து போய் ஜப்பான் கப்பல்களை மூழ்கடித்தது" என்று பிள்ளைகளுக்கு விளக்குகிற அப்பாக்கள் உண்டு. முதல்முறை போனபோது அப்படி விளக்கிய அப்பாக்களில் நானும் ஒருவன். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் சிரித்துக்கொண்டே திருத்தினார்.

இதுதான் பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு: கப்பலில் நிற்கும் விமானமெல்லாம் அந்தக் கப்பலின் விமானம் என்று எண்ணிக்கொள்வது. கப்பலின் வரலாறு வேறு, விமானத்தின் வரலாறு வேறு. கூட்டம் அதிகம் மொய்க்கும் எஃப்-14 டாம்கேட் போர் விமானத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மிட்வே பணியில் இருந்த 47 ஆண்டுகளில் டாம்கேட் படையணி எதுவும் அதில் இருந்ததில்லை. அந்த விமானத்துக்கு இந்தக் கப்பலின் ஹேங்கர் உயரம் போதாது. மாறாக, அதிகம் பேர் நின்று பார்க்காத பேண்டம் போர் விமானத்துக்கும் மிட்வேக்கும் நெருங்கிய உறவு உண்டு. வியட்நாம் போரில் அமெரிக்கர்கள் கணக்கில் வைக்கும் முதல் மிக் வேட்டை (எதிரியின் சோவியத் தயாரிப்பு மிக் விமானத்தைச் சுட்டு வீழ்த்தியது) 1965 ஜூன் 17 அன்றும், கடைசி வேட்டை 1973 ஜனவரி 12 அன்றும் நடந்தன. இரண்டு நாளும் பறந்தவை மிட்வேயின் பேண்டம்கள்தான்.

வண்ணப்பூச்சையும் நம்பிவிடக் கூடாது. 66 என்ற எண் தாங்கிய சீ கிங் ஹெலிகாப்டரைப் பார்த்ததும், நிலவிலிருந்து திரும்பிய அப்போலோ 11 வீரர்களைக் கடலிலிருந்து தூக்கியது இதுதான் என்று படம் எடுத்துக்கொள்வார்கள். உண்மையான 66, 1975இல் இதே சான் டியேகோவுக்கு அப்பால் கடலில் விழுந்து மூழ்கிவிட்டது. இங்கே நிற்பது அதன் வேடம் தரித்த இன்னொரு சீ கிங். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, விளக்கப் பலகையைப் படிக்காதது நம் குற்றம்தான்.

அமெரிக்க அருங்காட்சியகங்களில் இருக்கும் டான்ட்லஸ், வைல்ட்கேட் விமானங்களில் பல, கடலுக்குச் சம்பந்தமே இல்லாத மிச்சிகன் ஏரியின் அடியிலிருந்து எடுக்கப்பட்டவை. போர்க்காலத்தில் வுல்வரின், சேபிள் என்ற இரண்டு பயணிகள் கப்பல்களுக்குத் தட்டையான மேல்தளம் போட்டு, அந்த ஏரியில் புது விமானிகளுக்குத் தரையிறங்கப் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சியில் தவறியவை ஏரிக்குள் போயின. குளிர்ந்த நன்னீர் அவற்றைப் பத்திரமாக வைத்திருந்தது. மிட்வே சண்டையில் குண்டுத் துளைகளோடு திரும்பிய ஒரு டான்ட்லஸ் அப்படித்தான் ஏரிக்குள் போய், 1994இல் வெளியே வந்தது. ஆனால் அதைப் பார்க்க ஃபுளோரிடாவின் பென்சகோலாவில் உள்ள கடற்படை விமான அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும்.

அடுத்த தவறு பார்க்கும் விதத்தில். எல்லாரும் விமானத்தின் மூக்குக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். மூக்கைப் பார்த்தால் விமானப்படை விமானத்துக்கும் கடற்படை விமானத்துக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. பின்னால் போங்கள், குனிந்து அடிவயிற்றைப் பாருங்கள். வாலுக்குக் கீழே தொங்கும் கொக்கிதான் கப்பல் விமானத்தின் அடையாளம். தளத்தின் குறுக்கே கட்டிய கம்பியில் அது மாட்டினால்தான் விமானம் நிற்கும். மாட்டாமல் போனால் உடனே மறுபடி எழும்பிப் பறக்க வேண்டும் என்பதால்தான் விமானி தளத்தைத் தொட்டதும் எஞ்சினை முழு வேகத்துக்குத் தள்ளுகிறார். தளத்தில் அடித்து இறங்குவதைத் தாங்கும் சக்கரக் கால்கள் ஏன் அவ்வளவு தடிமன் என்பதும் அங்கே நின்றால் புரியும்.

பிறகு இறக்கை. கப்பலில் இடம் தங்கத்துக்குச் சமம், ஆகவே பெரும்பாலான விமானங்களின் இறக்கை மடங்கும். அவெஞ்சர் என்ற குண்டுவீச்சு விமானத்தின் இறக்கை மேலே எழாமல், பறவை சிறகை ஒடுக்குவதுபோல் திரும்பி உடலோடு ஒட்டிக்கொள்ளும். அதைத் தயாரித்த நிறுவனத்தின் லிராய் கிரம்மன் ஒரு ரப்பர் அழிப்பானில் பேப்பர் கிளிப்புகளைக் குத்தித் திருப்பிப் பார்த்தே இந்த வழியைக் கண்டுபிடித்தார். அதே முறையைப் பல ஆண்டுகளுக்குப் பின் வந்த ஹாக்-ஐ ரேடார் விமானத்திலும் காணலாம். இனி, மடிப்புக் கோடு இல்லாத இறக்கையைத் தேடுங்கள். டான்ட்லஸ் ஒன்று, ஸ்கைஹாக் இன்னொன்று. இரண்டும் எட் ஹைனமன் என்ற ஒரே மனிதரின் வடிவமைப்பு. ஸ்கைஹாக்கை 27 அடி இறக்கையோடு அவ்வளவு சிறிதாக அவர் வடித்ததால் மடக்க வேண்டிய தேவையே வரவில்லை. டான்ட்லஸின் இறக்கைப் பின்விளிம்பில் சல்லடைபோல் வரிசை வரிசையாகத் துளைகள் இருக்கும். செங்குத்தாகப் பாயும்போது வேகத்தைப் பிடித்து நிறுத்தும் தடுப்பு அது. துளை இல்லாவிட்டால் வால் நடுங்கும். அந்தத் துளைகளைப் பார்க்காமல் டான்ட்லஸைப் பார்த்தேன் என்று சொல்வதில் அர்த்தமில்லை என்பது என் கட்சி. குரூசேடர் என்ற போர் விமானத்திடமும் இரண்டு நிமிடம் நில்லுங்கள். இறங்கும்போது அதன் முழு இறக்கையும் உடலிலிருந்து 7 டிகிரி நிமிரும், மூக்கு தாழ்ந்தே இருக்கும், விமானிக்குத் தளம் மறையாது.

மற்றவை சில்லறை விஷயங்கள்தான், ஆனால் நாளைக் கெடுப்பவை. ஒரு மணி நேரம் ஒதுக்கிக்கொண்டு போகாதீர்கள், மூன்று நான்கு மணி நேரம் வேண்டும். மாலையில் போனால் பாதியில் இறக்கிவிடுவார்கள். கடற்காற்று வீசுவதால் வெயில் தெரியாது, மேல்தளத்தில் நிழலும் குறைவு. தொப்பி இல்லாமல் போன எனக்கு இரவில்தான் கழுத்து எரிந்தது. கீழ்த்தளங்களில் ஏணி போன்ற செங்குத்தான படிகள், முழங்காலைப் பதம் பார்க்கும் உயர்ந்த நிலைப்படிகள். செருப்பும் பெரிய முதுகுப்பையும் அங்கே சுமைதான். தளத்தில் நிற்கும் தன்னார்வலர்களைக் காவலர்கள் என்று நினைத்து ஒதுங்கிப் போகாதீர்கள். அவர்களில் பலர் முன்னாள் மாலுமிகளும் விமானிகளும். "இதில் இறங்குவது எப்படி இருக்கும்?" என்று ஒரு கேள்வி போட்டால் போதும், உங்கள் அடுத்த அரை மணி நேரம் அவருடையது.

கடைசியாக ஒன்று. விமானங்களையே பார்த்துக்கொண்டு, காலடியில் இருக்கும் தளத்தை மறந்துவிடுகிறோம். 1975 ஏப்ரல் இறுதியில், தலைநகர் சைகோன் வட வியட்நாமிடம் விழுந்துகொண்டிருந்த நேரத்தில், புவாங்-லி என்ற தென் வியட்நாம் விமானப்படை மேஜர், இரண்டு பேர் உட்காரும் பேர்ட் டாக் விமானத்தில் மனைவியையும் ஐந்து பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு மிட்வேயின் மேலே வட்டமிட்டார். தாழப் பறந்து, இறங்க இடம் கேட்டுச் சீட்டு எழுதி எறிந்தார். அந்த விமானத்தில் கொக்கி கிடையாது. கேப்டன் லாரன்ஸ் சேம்பர்ஸ் தளத்தில் குறுக்கிட்ட ஹெலிகாப்டர்களைக் கடலில் தள்ளச் சொன்னார், கம்பிகளையும் கழற்றச் சொன்னார். புவாங்-லி இறங்கினார். அந்தக் குட்டி விமானமும் இப்போது பென்சகோலாவில்தான் இருக்கிறது. அது உருண்டு வந்து நின்ற தளம் இங்கே இருக்கிறது, அதன்மேல் நடந்துதான் நாம் டாம்கேட்டைத் தேடிப் போகிறோம்.