மலையகத்திலிருந்து புத்தல கரும்பு நாட்டுக்கு ஒருநாள் சென்றுவரும் முறை

பதுளை, பண்டாரவளை, பசறைப் பகுதிகளிலிருந்து கதிர்காமம் செல்லும் நம்மவர்களுக்கு, புத்தல என்பது பெரும்பாலும் தேநீர் குடிக்க வான் நிற்கும் ஓர் ஊர் மட்டுமே. ஆனால் கதிர்காமத்தில் நாம் நீராடும் மாணிக்க கங்கை, நமுனுகுல மலைத்தொடரில் ஊற்றெடுத்து, இந்தச் சிறு நகரை ஒட்டிப் பாய்ந்த பிறகே முருகன் சந்நிதியை அடைகிறது. தேயிலையைத் தவிர வேறு பெரும்பயிரை அருகிருந்து பார்த்திராத மலையகப் பிள்ளைகளுக்கு, ஆற்றையும் கரும்பையும் ஒரே நாளில் காட்டுவதற்கு ஏற்ற ஊர் இது. அதற்கென்று ஒரு முழுநாளை ஒதுக்குவதே நல்லது.

முதலில் காலத்தைத் தெரிவுசெய்ய வேண்டும். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை இங்கு மழைக்காலம். அப்போது வயற்பாதைகள் சேறாகிவிடும், ஆறும் கலங்கிப் பெருகும். ஜூன் முதல் செப்டெம்பர் வரையான வறண்ட மாதங்களே உகந்தவை. இடையில் வரும் கதிர்காமத் திருவிழா நாட்களைத் தவிர்த்துவிட்டால், பஸ்ஸில் நெருக்கியடித்துக்கொண்டு போகத் தேவையில்லை. மலைக்குளிருக்குப் பழகிய உடம்புக்கு இங்குள்ள நண்பகல் வெயில் சற்றுக் கடுமையானது என்பதால், தொப்பியும் போதிய குடிநீரும் கட்டாயம் வேண்டும்.

பண்டாரவளைப் பக்கத்தார் எல்ல வழியாக வெல்லவாய சந்திக்கு இறங்கி, அங்கிருந்து மொனராகலை செல்லும் பஸ்ஸில் ஏறினால் புத்தலவில் இறங்கலாம். எல்லவுக்கும் வெல்லவாயவுக்கும் இடைப்பட்ட ஏறக்குறைய 27 கிலோமீற்றரில், 1,000 மீற்றருக்கு மேலிருந்து 200 மீற்றர் அளவுக்கு வீதி இறங்குகிறது. வளைவுகள் தொடர்ந்து வருவதால், வாந்தி எடுக்கும் பிள்ளைகளுக்குப் புறப்படுமுன் வயிறு நிறையக் கொடுக்காதிருப்பது நலம். சொந்த வாகனத்தில் வருபவர்கள் பிரேக்கை மட்டும் நம்பாமல், குறைந்த கியரிலேயே இறங்க வேண்டும். இந்த வீதியில் உயிர்களைப் பறித்த விபத்துகள் உண்டு.

வெல்லவாயவைத் தாண்டி, புத்தலவுக்கு முன்பாகவே பெல்வத்த வந்துவிடும். 1980களில் தொடங்கப்பட்டு, 2011இல் அரசு பொறுப்பேற்ற சீனி ஆலை இங்குதான் உள்ளது. ஆலைக்குள் நுழைய முன்கூட்டியே எழுத்துமூல அனுமதி பெற வேண்டும். பாடசாலைக் குழுவாக விண்ணப்பிப்பதே எளிது என்பது என் கருத்து. அனுமதி கிடைக்காவிட்டாலும் பார்ப்பதற்குக் குறைவில்லை. அறுவடைக் காலத்தில் கரும்பு ஏற்றிய உழவு இயந்திரப் பெட்டிகள் வீதியில் வரிசையாகச் செல்லும். வெட்டிய கரும்பில் சர்க்கரைச் சத்து மணிக்கு மணி குறைந்துகொண்டே போவதால், ஓரிரு நாட்களுக்குள் அதை ஆலைக்குச் சேர்த்துவிட வேண்டும் என்பதே அந்த அவசரத்துக்குக் காரணம். பறித்த கொழுந்து வாடுவதற்குள் தொழிற்சாலைக்குப் போக வேண்டும் என்பதை அறிந்த தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதை விளங்கவைப்பது கடினமல்ல. சாறு பிழிந்தபின் எஞ்சும் சக்கை ஆலையின் கொதிகலனுக்கு எரிபொருளாகிறது. சீனி படிந்தபின் மிஞ்சும் கரும்பாகு எரிசாராயம் வடிக்கப் பயன்படுகிறது. வெட்டிய அடிக்கட்டை மீண்டும் துளிர்ப்பதால், ஒருமுறை நட்ட கரும்பிலிருந்து பல அறுவடைகள் கிடைக்கின்றன என்பதையும் வயலோரத்தில் நின்றே காட்டலாம்.

பொங்கலுக்கு விலைகொடுத்து வாங்கும் கரும்பு கண்ணெதிரே காடாக நிற்கிறதே என்று ஒன்றை முறித்துக்கொள்ளத் தோன்றும். அது ஒரு விவசாயியின் வருமானம் என்பதால், கேட்டு, காசு கொடுத்து வாங்குவதே மரியாதை. உரியவர் கூட வராமல் வயலுக்குள் இறங்கவும் கூடாது. விரியன் பாம்புகள் உள்ள வரண்ட பிரதேசம் இது என்பதால், செருப்பு போதாது. மூடிய சப்பாத்து வேண்டும். அதைவிடப் பெரிய ஆபத்து யானை. தோட்டத்தில் அட்டைக்கும் சிறுத்தைக்கும் பழகிய நமக்கு யானையின் நடமாட்டம் தெரியாது. கரும்பைத் தேடி அந்திக்குப் பின் வயல்களுக்கு வரும் யானைகளை விரட்ட, விவசாயிகள் பரண் கட்டி இரவெல்லாம் காவலிருக்கிறார்கள். மாலை 4 மணிக்கே வயற்பகுதியை விட்டு நகரத்துக்குத் திரும்பிவிடுங்கள். மின்வேலி கண்ணில் பட்டால், மின்சாரம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கும் விளையாட்டை அனுமதிக்காதீர்கள்.

மாணிக்க கங்கையில் குளிப்பதற்கு நண்பகலே ஏற்ற நேரம். மருத மரங்கள் நிழல் விரித்த கரைகளில், ஊர் மக்கள் குளிக்கும் துறை எதுவெனக் கேட்டறிந்து, அங்கு மட்டுமே இறங்க வேண்டும். புத்தலவில் வானம் வெளுத்திருந்தாலும், நமுனுகுலப் பக்கம் மழை கொட்டியிருந்தால் நீர்மட்டம் திடீரென உயரலாம். ஆகவே காலையில் வீட்டிலிருந்து புறப்படும்போதே மலைமேல் வானம் எப்படி இருந்தது என்பதைக் கவனித்து வைத்திருங்கள். தெளிந்த நீர் கலங்கத் தொடங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, உடனே கரையேறிவிட வேண்டும்.

நேரம் இருந்தால், பண்டைய சிங்கள மன்னன் துட்டகைமுனுவும் தம்பி சத்தாதிஸ்ஸனும் பொருதிய களமாகச் சொல்லப்படும் புத்தலவுக்கு அருகிலுள்ள யுதகனாவ தாதுகோபத்தையும் பார்க்கலாம். அங்கிருந்து கதிர்காமம் வரை போக நினைப்பவர்கள், காட்டினூடாகச் செல்லும் புத்தல–கதிர்காமம் வீதியைப் பகலிலேயே கடந்துவிட வேண்டும். தின்பண்டம் எதிர்பார்த்து வாகனங்களை மறிக்கும் யானைகள் அவ்வீதியில் நிற்பதுண்டு. அவற்றுக்கு எதையும் கொடுக்கவோ, படமெடுக்க இறங்கவோ கூடாது. கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு, தொலைவிலேயே நிறுத்தி, வழி விடும்வரை காத்திருங்கள். தாமதமாகிவிட்டால் வெல்லவாயவுக்குத் திரும்பி, தணமல்வில வழியாகச் செல்வதே பாதுகாப்பானது.