பழைய பிக்கப்பில் ரீகண்டிஷன் எஞ்சின் ஏற்றுவது எப்படி?

என் சித்தப்பாவின் பொலேரோ பிக்கப், கடலூர் ஓ.டி. துறைமுகத்தில் மீன் பெட்டி ஏற்றியே பழகிய வண்டி. எஞ்சின் சூடேறி ஜாம் ஆனதும் எல்லோரும் வேறு எஞ்சின் எங்கே கிடைக்கும் என்றுதான் தேடினோம். ரேடியேட்டரைக் கழற்றி மேல் டேங்கைத் திறந்தபோதுதான் விஷயம் புரிந்தது. பாதிக் குழாய்கள் வெள்ளைப் படிவால் அடைத்துக் கிடந்தன. வருஷக்கணக்காக ஷெட்டில் இருந்த போர் தண்ணியையே ஊற்றியிருக்கிறோம். கடலோரத் தண்ணியின் உப்பும் சுண்ணாம்பும் அங்கே படிந்துவிட்டன. அதே ரேடியேட்டரோடு வேறு எஞ்சின் ஏற்றியிருந்தால் அதுவும் போயிருக்கும்.

ஆகவே முதல் வேலை, பழைய எஞ்சின் ஏன் செத்தது என்று கண்டுபிடிப்பது. ரேடியேட்டர், வாட்டர் பம்ப், ஃபேன், தெர்மோஸ்டாட், ஏர் ஃபில்டர் ஓஸ் என ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஓஸில் கீறல் இருந்தால் மணல் உள்ளே போய் ரிங்கைத் தின்றிருக்கும்.

இங்கே நான் சொல்வது மெக்கானிக்கல் டீசல் பம்ப் உள்ள பழைய 2523 சிசி டிஐ எஞ்சினுக்கு. காமன் ரெயில் வண்டியில் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் டீசல் பீய்ச்சும் புதிய வகை) டீசல் பைப்பின் அழுத்தம் ஆளையே காயப்படுத்தும். அதில் பைப்பைத் தளர்த்திக் காற்று எடுக்கும் வேலை வேண்டாம்.

எஞ்சின் வாங்கும்போது

உங்கள் பிளாக்கையே (சிலிண்டர்கள் இருக்கும் எஞ்சின் உடல்) போர் போட்டு, அதாவது சிலிண்டரைக் கடைந்து, கிராங்க் சாணை பிடித்து வாங்கினால் எஞ்சின் நம்பர் மாறாது. வேறு பிளாக் என்றால் முன்கூட்டியே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி பெற்று, ஆர்.சி.யில் நம்பரை மாற்ற வேண்டும். பி.ஒய். நம்பர் வண்டிக்குப் புதுச்சேரியில், டி.என். வண்டிக்குத் தமிழ்நாட்டில். பில் கட்டாயம் வாங்குங்கள். எஃப்.சி.க்குப் போகும்போதும் இன்ஷூரன்ஸ் கேட்கும்போதும் அந்த நம்பர்தான் பேசும்.

லேத்தில் பிஸ்டன் எத்தனை ஓவர்சைஸ் (கடைந்த சிலிண்டருக்கு ஏற்பப் பெரிய அளவு), கிராங்க் எத்தனை அண்டர்சைஸ் (சாணை பிடித்ததால் குறைந்த அளவு) என்று எழுதி வாங்குங்கள். கிராங்க் போல்ட்டில் நீளக் கைப்பிடி மாட்டி இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். அழுத்தம் மாறி மாறி வருவது சரி. ஓரிடத்தில் கட்டியாக முட்டினால் எடுக்காதீர்கள்.

இறக்குவது

பேட்டரியில் நெகட்டிவை முதலில் கழற்றுங்கள். கழற்றும் ஒவ்வொரு வயரையும் ஓஸையும் போட்டோ எடுத்து, துணி டேப்பில் பெயர் எழுதி ஒட்டுங்கள். ஆயில், கூலன்ட் வடித்து, பானெட், ரேடியேட்டர், செல்ஃப் மோட்டார், சைலன்சர் பைப், டீசல் லைன்கள் எல்லாம் எடுத்தபின் கியர்பாக்ஸுக்கு அடியில் ஜாக்கியும் மரக்கட்டையும் கொடுங்கள். அதற்குப் பிறகுதான் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் பெல் ஹவுசிங் போல்ட்டும், எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங் போல்ட்டும்.

இந்த எஞ்சின் நூற்றைம்பது கிலோவைத் தாண்டும். மாமரக் கிளையில் கட்டித் தூக்குவதை நம்மூரில் நிறையப் பார்க்கிறோம்; அது வேண்டவே வேண்டாம். இரும்பு ஸ்டாண்டும் ஒரு டன் செயின் பிளாக்கும் வாடகைக்குக் கிடைக்கும். தொங்கும் எஞ்சினுக்குக் கீழே கையைக்கூட நீட்டாதீர்கள்.

காலி இடம் தரும் வாய்ப்பு

எஞ்சின் வெளியே இருக்கும் இந்த ஒரு நாளை வீணாக்காதீர்கள். கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், ஃப்ளைவீல் நடுவில் இருக்கும் பைலட் பேரிங், பின் ஆயில் சீல், மவுண்டிங் ரப்பர் எல்லாம் இப்போது மாற்றினால் சாமான் செலவு மட்டும். பிறகு மாற்ற வேண்டி வந்தால் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். சேஸிஸில் உப்புக் காற்று தின்ற துருவைச் சுரண்டி பெயின்ட் அடியுங்கள்.

ஏற்றுவது

கிளட்ச் பிளேட்டை நடுவில் நிறுத்த அலைன்மென்ட் டூல் அல்லது பழைய கியர்பாக்ஸ் ஷாஃப்ட் போதும். எஞ்சினைப் பின்னால் தள்ளும்போது ஷாஃப்ட் உள்ளே போகாமல் இரண்டு விரல் இடைவெளி நிற்கும். அங்கேதான் பொறுமை வேண்டும். ஒருவர் கிராங்க்கை மெல்லத் திருப்ப, மற்றவர் எஞ்சினை லேசாக ஆட்ட, அது தானாக நழுவி உட்காரும். போல்ட்டை இறுக்கி இழுத்து உட்கார வைக்கக் கூடாது. நான் ஒருமுறை அப்படி இழுத்து, புது பிளேட்டின் நடு ஹப்பை வளைத்துவிட்டேன். மறுபடி எல்லாம் இறக்க வேண்டியதாயிற்று.

எஞ்சினிலிருந்து சேஸிஸுக்குப் போகும் எர்த் வயரை மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால் செல்ஃப் அடிக்கும்போது கரன்ட் ஆக்சிலேட்டர் கேபிள் வழியாகத் திரும்பி, கேபிளையே பொசுக்கிவிடும்.

முதல் ஸ்டார்ட்

ஆயில் ஃபில்டரில் ஆயில் நிரப்பி மாட்டுங்கள். டர்போவின் ஆயில் பைப்பைக் கழற்றி, டர்போவுக்குள் கொஞ்சம் ஆயில் ஊற்றுங்கள். ரேடியேட்டருக்கு டிஸ்டில்ட் வாட்டரும் கூலன்ட்டும். ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடித்தோ, டீசலை நிறுத்தும் சோலனாய்டின் வயரைக் கழற்றியோ, எஞ்சின் பிடிக்காதபடி பத்துப் பத்து வினாடியாகச் செல்ஃப் அடியுங்கள். நடுவில் மோட்டார் ஆறட்டும். ஆயில் லைட் அணையும்வரை டீசலைப் பற்றியே நினைக்க வேண்டாம்.

பிறகு ஸ்டாப் கேபிளை விட்டு, கழற்றிய வயரை மாட்டி, கைப் பம்ப்பை அடித்து, ஃபில்டர் மேல் ஸ்க்ரூவில் நுரையில்லாத டீசல் வரும்வரை காற்று எடுங்கள். இன்ஜெக்டரில் டீசல் பைப் சேரும் நட்டுகளைச் சற்றுத் தளர்த்திச் செல்ஃப் அடித்து, டீசல் கசிந்ததும் இறுக்குங்கள். ஒரு தடிமனான பலகையைக் கையருகே வையுங்கள். எஞ்சின் கட்டுப்பாடில்லாமல் வேகம் ஏறினால் ஏர் இன்டேக்கை அதனால் அடைக்க வேண்டும். கையால் அடைக்கக் கூடாது.

ஸ்டார்ட் ஆனதும் சில வினாடியில் ஆயில் லைட் அணையவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். அணைந்தால் கசிவும் சூடும் பார்த்தபடி ஓடவிட்டு, ஆறியபின் தண்ணியும் ஆயிலும் மறுபடி பாருங்கள்.

நாங்கள் சித்தப்பா வண்டியை முதலில் நெல்லிக்குப்பம் வழியாகப் பண்ருட்டிக்கும் திரும்பவுமாக ஓட்டினோம், பலாப்பழம் ஒன்றுகூட ஏற்றாமல். மேடில்லாத ரோடு, வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்ட வசதி. ஒரே வேகத்திலும், வெகுநேரம் ஐடிலிலும் விட்டால் ரிங் சிலிண்டரோடு சரியாகப் பழகாது. 500 கிலோமீட்டரில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, பழைய ஃபில்டரை வெட்டித் திறந்து பாருங்கள். மடிப்புகளில் நுண்ணிய பொடி இருந்தால் பரவாயில்லை. செதில் செதிலாக மின்னினால் பேரிங் உரிகிறது. லோடு ஏற்றாமல் நேராக லேத்துக்காரரிடம் போங்கள்.