விகுதியில் ஒளிந்திருக்கும் ‘நான்’: தியானம் பழகத் தொடங்கியவர்களுக்கு

கால் மடக்குவது, மூச்சைக் கவனிப்பது எல்லாம் போகப் போகப் பழகிவிடும். இந்தப் பதிவு அதற்கு அடுத்த தொல்லைக்கு: எதிலும் முன்னால் வந்து நிற்கும் ‘நான்’ என்ற நினைப்புக்கு.

முதலில் சாமான். ஜமுக்காளத்தை நாலாக மடித்தால் போதும். தியான மெத்தை தண்டச் செலவு. நேரத்துக்குச் சமையலறை டைமர். ஆரம்பத்தில் போன் ஆப்தான் வைத்திருந்தேன். 21-ஆம் நாள் அது ஒரு பதக்கம் கொடுத்தது. ‘நானை’க் குறைக்க உட்கார்ந்தவனுக்குப் பதக்கம்! அன்றே அழித்துவிட்டேன். ஒரு நோட்டு மட்டும் கட்டாயம் வேண்டும்.

படி 1: தடைக்குப் பெயர் சொல்லுங்கள்

பௌத்தத்தில் தடைகள் ஐந்து, நீவரணம் என்பார்கள். சங்காரவர் என்ற பிராமணருக்குப் புத்தர் இவற்றைத் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்து விளக்கினார். சாயம் கலந்த தண்ணீர் புலன் ஆசை. கொதிக்கிற தண்ணீர் வியாபாதம், அதாவது பகை. பாசி மூடியது சோம்பலும் தூக்கமும். காற்றில் அலைவது பரபரப்பும், செய்ததை நினைத்துப் புழுங்குவதும். கலங்கி இருட்டில் கிடப்பது சந்தேகம். எதில் குனிந்து பார்த்தாலும் முகம் தெரியாது.

பெங்களூர் அல்சூரில் எங்கள் தெருவுக்குக் காவிரித் தண்ணீர் வரும் நாளில், விடியற்காலை ஐந்தரைக்குக் கீழ்வீட்டு மோட்டார் உறுமும். இங்கே எனக்குக் கொதிக்கும். ‘பகை, பகை, பகை’ என்று மனசுக்குள் மூன்று முறை சொல்லிவிட்டு மூச்சுக்குத் திரும்புவேன். மோட்டார் நிற்காது. கொதி அடங்கும்.

படி 2: ஐந்தாகப் பிரியுங்கள்

‘நான்’ என்று நாம் நினைப்பதைப் பௌத்தம் ஐந்து கூறுகளாகப் பிரிக்கும், அவைதான் கந்தங்கள். அவற்றுக்கு மணிமேகலையிலேயே தமிழ்ப் பெயர் இருக்கிறது: உருவு, நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, உள்ள அறிவு. போன வருஷ அப்ரைசலில் பக்கத்து சீட்டுக்காரருக்குப் பிரமோஷன். எனக்கு ‘அடுத்த தடவை பார்க்கலாம்’. மறுநாள் உட்கார்ந்தபோது நெஞ்சு இறுகியது உருவு. கசப்பு நுகர்ச்சி. ‘அவமானம்’ என்று சீட்டு ஒட்டியது குறிப்பு. மேனேஜருக்கு மனசிலேயே காரசாரமாக மெயில் எழுதியது பாவனை. இத்தனையும் தெரிந்தது உள்ள அறிவு. ஒவ்வொன்றிடமும் ‘இது என்னுடையதல்ல, இது நானல்ல, இது என் ஆன்மா அல்ல’ என்று சொல்லிப் பார்க்க வேண்டும்.

படி 3: நான் வழுக்கி விழுந்த இடம்

இரண்டு வருஷம் உட்கார்ந்தும் கோபம் போகவில்லையே, நான் லாயக்கில்லாதவன் என்று தினமும் எழுதிக்கொண்டிருந்தேன். அதைப் பணிவு என்றே நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காந்திநகர் மகாபோதி சொசைட்டியில் கோலார் தங்கவயலிலிருந்து வந்திருந்த அக்கா ஒருவரிடம் புலம்பினேன். அயோத்திதாசரின் பௌத்த சங்கம் அந்தக் காலத்திலேயே கிளை விட்ட ஊர் அது. அவர் சிரித்தார்.

“இன்னா தம்பி, நான் மோசம், நான் மோசம்ன்ற. அதுலயும் ‘நான்’தானே முன்னால வந்து குந்திக்குது?”

தமிழில் மானம் என்றால் மரியாதை. பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் அது அகந்தை. ‘நான் உசத்தி’, ‘நான் சமம்’, ‘நான் மட்டம்’ மூன்றும் அதில் அடக்கம். மூன்றாவது எனக்குத் தெரியாமலே போயிருந்தது.

அதற்கு நான் கண்டுபிடித்த வழி இது. நோட்டில் நான், என், எனக்கு கூடாது. ‘கால் வலிக்குது’, ‘பசிக்குது’ என்று ‘நான்’ இல்லாமலே பேசுகிற மொழிதானே நம்முடையது? ஆனால் இங்கே ஒரு கண்ணி உண்டு: விகுதி. ‘கோபப்பட்டேன்’ என்பதில் அந்த ‘ஏன்’தான் நான். அதனால் ‘கோபம் வந்தது, நெஞ்சு இறுகியது, போனது’ என்று மட்டும் எழுதுங்கள். முதல் வாரம் எரிச்சலாக இருக்கும்.

பின்சேர்க்கை 1: ‘பழகப் பழக எல்லாம் வெறுமையாகி பயமாக இருக்கிறது’ என்று ஒருவர் கேட்டிருந்தார். அப்படியானால் படி 2, 3 இரண்டையும் நிறுத்திவிடுங்கள். ஏரிக்கரையில் நடங்கள், நாலு பேரோடு பேசுங்கள். பயம் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள்.

இந்த ‘நான்’ எத்தனை நாளில் போகும் என்று இன்னொருவர் கேட்டிருந்தார். கேமகர் என்ற பிக்கு, ஐந்து கந்தங்களில் எதையும் ‘நான்’ என்று கொள்ளாவிட்டாலும் ‘நான்’ என்ற நினைப்பு இன்னும் மிச்சம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். உவர்மண்ணும் சாணமும் போட்டு வெளுத்த துணியில் அழுக்கு போனாலும் வாடை நிற்கிற மாதிரி என்றார். வாசனைப் பெட்டியில் கிடந்தால் அதுவும் போகுமாம்.

பின்சேர்க்கை 2: இந்தப் பதிவில் எத்தனை ‘ஏன்’ விகுதி என்று ஒரு வாசகர் எண்ணி அனுப்பியிருக்கிறார். கணக்கு சரிதான். படித்ததும் வந்தது வியாபாதம். மூன்று முறை பெயர் சொன்ன பிறகுதான் நன்றி என்று பதில் போனது.